சுன்ஹியாங் கதையில் பெரிது அவள் மறுப்பே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1923-இல் கொரியாவில் ஓர் ஊமைப்படமாக வந்தது சுன்ஹியாங் கதை. அதில் பெரிது காதலா, மறுப்பா என்பது இன்றைய தலைப்பு. மறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி காதலை உருகி உருகிச் சொன்னார். சரி, அந்தக் காதலன் எங்கே? சுன்ஹியாங், கிசேங் எனப்படும் ஆடல்பாடல் பெண் ஒருத்தியின் மகள். தாயின் தாழ்ந்த நிலை மகளையும் விடாது. அவளை ரகசியமாக மணக்கும் மோங்ரியோங் அதிகாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் அவனும் தலைநகருக்குப் போய்விடுகிறான்.

அப்புறம் கதையைத் தாங்குவது யார்? தன்னந்தனியாக அவள்தான். புதிதாக வந்த அதிகாரி பியோன் ஹாக்தோ அவளைத் தனக்குப் பணிவிடை செய்யக் கூப்பிடுகிறான். முடியாது என்கிறாள். அடிக்கச் சொல்கிறான். பான்சோரி என்பது கொரியர்கள் கதையைப் பாட்டாகச் சொல்லும் கலை. அதன் பாடகர்கள் இந்த இடத்தைப் பாடுவதைக் கேட்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அந்த எண்ணிலேயே தொடங்கி அவள் பதில் சொல்கிறாள். ஒன்று என்றால் தன் ஒரே மனம். இரண்டு என்றால் இரண்டு கணவருக்கு இடமில்லை. கற்பைத்தானே பாடுகிறாள் என்பார் தோழி. யார் முகத்தைப் பார்த்துப் பாடுகிறாள், அம்மா? அடிக்கச் சொன்னவன் முகத்தைப் பார்த்து!

படத்தை எடுத்த ஹயகாவா ஜப்பானியர், அதில் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தோழி கேட்டார். கதை அவருடையது இல்லையே! தலைமுறை தலைமுறையாகக் கொரிய மக்கள் பாடி வளர்த்த கதை. ஊமைப்படத்துக்குக் குரல் கொடுத்ததும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன பியோன்சாக்கள். மோங்ரியோங்காக நடித்த கிம் ஜோசோங்கே ஒரு பியோன்சாதான். 1910 முதல் ஜப்பான் ஆட்சி. 1919-இல் விடுதலை கேட்டுத் தெருவில் இறங்கி அடிபட்டார்கள் மக்கள். நாலே ஆண்டு கழித்து, அதிகாரிக்குப் பணியாத பெண்ணின் கதையைத் திரையில் பார்த்தவர்களுக்கு அது வெறும் காதல் கதையாகவா இருந்திருக்கும்? என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியாக ஒன்று. மோங்ரியோங் அரசரின் ரகசிய ஆய்வாளராகத் திரும்பி வந்து பியோனைப் பதவியிலிருந்து இறக்குகிறான். தான் யாரென்று காட்டாமல், எனக்காவது பணிவாயா என்று அவளைக் கேட்கிறான். பியோனைவிடப் பெரிய அதிகாரம். உயிர் அவன் கையில். அவன்தான் தன் கணவன் என்று அவளுக்குத் தெரியாது. அப்போதும் முடியாது என்கிறாள். நடுவர் அவர்களே, இந்த இரண்டாவது மறுப்புக்கு எதிரணி பதில் சொல்லட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.