1961 என்று தேதியிட்ட ஒரு தாள்

வணக்கம், மூணாறிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் தகரக் கூரையில் விழும் மழை. அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஜூலை மாதத்தில் இங்கே காணொளியே எடுக்க முடியாது.

கல்லூரி மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்து, ஞாயிறுதோறும் இந்தப் பழைய பாலவாடிக் கட்டடத்தில், தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறோம். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிப்பவர்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களாக இருந்தால் இதை எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும். தொகை சிறிதுதான். ஆனால் தோட்டத்தில் வேலை நின்றால் லயத்து வீட்டையும், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டையும், ஒப்படைக்க வேண்டிய இடம் இது. ஒரு பிள்ளை பத்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனால், படிப்பு பிடிக்கவில்லை என்று ஊர் சொல்லும். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் வீடு கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம்.

பாடம் நடத்துவதே பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினோம். அது எங்கள் தவறான கணக்கு. மனத்திறன் தாளில் 90 வினா, பாடத் தாளில் 90 வினா. எண் தொடர், கண்ணாடிப் பிம்பம் எல்லாம் பிள்ளைகள் இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். எங்களை உட்கார வைத்தது காகிதம். பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை முதலெழுத்து இருக்கும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இருக்காது. சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்ற ஒரு மாணவிக்கு இந்த ஓர் எழுத்தால் முதலாண்டுப் பணம் வரவே இல்லை. அதன் பிறகு வகுப்பில் ஒரு மேசையைத் தனியாகப் போட்டு, விண்ணப்பம் பார்ப்பதற்கென்றே இருவரை உட்கார வைத்தோம். உண்மையைச் சொன்னால், இப்போது கரும்பலகையைவிட அந்த மேசைக்கு முன்னால்தான் கூட்டம்.

இன்று நான் பேச வந்தது சாதிச் சான்றிதழைப் பற்றி. இத்தேர்வில் பொதுப் பிரிவினர் இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு எடுத்தால்தான் தகுதி. பட்டியல் சாதி மாணவர்களுக்கு 32 போதும், தரவரிசை அதற்குப் பிறகு. எங்கள் மாதிரித் தேர்வில் ஒரு சிறுமி 180க்கு 63 எடுத்திருக்கிறாள், அதாவது 35 விழுக்காடு. சான்றிதழ் இருந்தால் அவள் கோட்டுக்கு உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஆனால் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததற்கு ஆதாரம் கொடுத்தால்தான் கேரளத்தில் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணை வெளியான நாள் அது.

போன ஞாயிறு அவளுடைய பாட்டி, அரிசிப் பானைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, நான்கு துண்டாகப் பிரிய இருந்தது. தாத்தா தோட்டத்தில் பெயர் பதிந்ததற்கான தாள். தேதி 1961. "இதுல இருக்குல்ல தம்பி?" என்று கேட்டார். தாத்தா பதினொரு வருடம் பிந்தி மலையேறியிருக்கிறார் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தாளை இரண்டு முறை படித்தேன்.

அவர்களுடைய பூர்வீகம் தமிழ்நாட்டில் சங்கரன்கோவில் பக்கம். அங்கே ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே என்றார்களாம். இங்கே வந்தது பிந்தி, அங்கே இருப்பது இல்லை. அவளுடைய பாட்டியின் அப்பா முன்னமே இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ததாக ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் ஆதாரம் தந்தை வழியில் வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள், எனவே தாத்தாவின் அண்ணன் யாராவது முன்னதாக வந்தார்களா என்று லயம் லயமாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பார்க்கும் தோட்டத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துச் சம்பளச் சீட்டோ, பள்ளி மாற்றுச் சான்றிதழோ இருந்தால், செல்லரித்திருந்தாலும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஞாயிறு பத்து மணிக்குப் பாலவாடிக்குக் கொண்டு வாருங்கள். லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், பின்பக்க முத்திரையைப் படிக்க முடியாமல் போகிறது.