தலைவாசலில் நடக்கும் நகைச்சுவை

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

எங்கள் அம்மம்மாவின் சீதன உறுதிப் பத்திரம் இன்னும் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. இத்தனை பரப்புக் காணி, நாற்சார் வீடு, பங்குக் கிணறு, வழிவாய்க்கால், இத்தனை ரூபாவுக்கு நகை என்று வரிசையாகப் போகும். முதல்முறை வாசித்தபோது ஒரு நாடகத்தின் முதற்காட்சி போலவே எனக்குப் பட்டது. பெண் பார்ப்பதையும் அந்தஸ்துத் தேடுவதையும் வைத்து, அந்தக் காலத்துக் கதையாக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதுவதென்றால் யாழ்ப்பாணத்தில் அதை எப்படி எழுதவேண்டும்? இன்று அதைத்தான் பேச வந்தேன்.

ஆங்கிலத்தில் இத்தகைய கதைகள் நிறைய உண்டு. நடனக்கூடம், குதிரைவண்டி, கடிதங்கள் என்று நாமும் விரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பாத்திரங்களுக்கு வேட்டி கட்டிவிட்டால் நம் கதை ஆகிவிடும் என்று சில இளம் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஆகாது. அங்கே நிலபுலமுள்ள குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். கையில் ஒன்றும் இல்லாத பெண், சொத்துள்ளவன் கண்ணில் படவேண்டும். இங்கே அது தலைகீழ். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்து ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய தேசவழமை, சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது: பரம்பரையாக வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் சம்பாதிக்கும் தேடியதேட்டம். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனம்; மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். ஆகவே நம் நாடகத்தில் சங்கப்படலைக்கு, அதாவது வளவின் கூரை போட்ட வாசலுக்கு, வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவன் ஆண்.

அவன் கையில் இருப்பது உத்தியோகம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்", அதாவது எந்த வேலையானாலும் அரசாங்க வேலையாக இருக்கவேண்டும் என்ற ஊர் இது. 1905 இல் கொழும்புக்கு ரயில் தொடர்பு முழுமையானது. மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும் பலர். கிளாக்கர் ஒருவர் லீவில் வந்தால் புறோக்கரின் குடைக்கு ஓய்வில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் மீதிச் சொத்தில் பங்கில்லை என்பது பழைய வழமை. வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்து அரைப் பரப்புக் காணிக்கு இழுபறிப்படும்போது நாம் சிரிப்போம். ஆனால் அந்த அரைப் பரப்பு அவளுக்கு ஆயுளுக்கும் கிடைக்கப்போகும் பங்கு. அது தெரிந்து சிரிக்கவைப்பவன்தான் நாடகாசிரியன்.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1940 இல் வந்த அவருடைய 'நானாடகம்' தொகுப்பில் 'உடையார் மிடுக்கு' என்றே ஒரு நாடகம் உண்டு; உடையார் என்றால் அந்தக் காலத்து ஊர்த் தலைமை அதிகாரி. யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பேச்சு ஏன் அவசியம்? நம்மிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. ஒரு பையனை உடையார் ஒருவர் முதலில் "டேய், இங்க வா" என்கிறார். அவன் சோதனை பாஸ் பண்ணுகிறான். "தம்பி, இப்பிடி வாரும்" என்கிறார். நியமனக் கடிதம் வருகிறது. "வாங்கோ, இருங்கோ" என்கிறார். ஒரு மனிதன் ஏறிய ஏணி முழுவதும் இந்த மூன்று சொல்லில் தெரிந்துவிடுகிறது. நூல் தமிழில் எழுதினால் இந்தச் சிரிப்பு செத்துப்போகும்.

சரி, அந்த ஏணி எல்லோருக்கும் சாத்தி வைக்கப்பட்டிருந்ததா? இல்லை. எவ்வளவு படித்தாலும் சாதி காரணமாகப் படலையோடு நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை மறைத்துவிட்டு அந்தக் காலத்தை அழகாகக் காட்டும் நாடகம் பொய்யானது. ஏற ஆசைப்படுகிறவனைக் கோமாளியாக்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. தங்கைமார் மூன்று பேருக்குச் சீதனம் தேடவேண்டியவனின் பயத்தை உற்றுப் பாருங்கள். அவனுடைய பவுசுக்கு அடியில் அந்தப் பயம்தான் இருக்கிறது.

அப்புறம், அந்தப் பெண். உறுதியில் அவள் பெயர் இருக்கிறது, வீடு அவளுடையது. ஆனாலும் பேச்சு நடக்கும்போது குசினிக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். இளம் எழுத்தாளர்களே, ஒரு காட்சியிலாவது அவளைத் தலைவாசலுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் எல்லோரும் அவனை "நீங்கள், நீங்கள்" என்று தாங்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அவனை நேரே பார்த்து, "நீர் ஏன் வந்தனீர்?" என்று கேட்கட்டும்.