யோசனைக்குக் கூலி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொத்தனார் வந்தாலும் தச்சர் வந்தாலும், வாசற்படி ஏறுவதற்கு முன்பே நாள் கூலி பேசி முடித்துவிடுவார்கள். அதே வீட்டுக்கு ஒருவர் வந்து, முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, "இந்தச் சுவரை இடிக்க வேண்டாம், தூணுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவருக்குக் கிடைப்பது ஒரு டம்ளர் காபியும் இரண்டு கந்தரப்பமும். உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டே, விடுமுறை நாள்களில் பழைய வீடுகளின் சுதை வேலையையும் நிலைக்கதவுச் செதுக்கல்களையும் படியெடுத்துக்கொண்டிருந்த நான், அந்தக் காபியை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் குடித்திருக்கிறேன். ஒருமுறை ஓர் ஆச்சி, கொத்தனாருக்கு எண்ணூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரய்யா, இன்னொரு காபி போடச் சொல்லவா?" என்று பரிவோடு கேட்டார். அவர் மீது குற்றமில்லை. நான் செய்தது ஒரு வேலை என்று நானே அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

கலை, கைத்தொழில், கட்டடம், சமையல் போன்ற துறைகளில் பல காலம் ஊறியவர்கள் ஆலோசகர்களாக எப்படி ஆகலாம் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆலோசகர் என்ற சொல் நம் ஊர்களில் கொஞ்சம் மாசுபட்டுக் கிடக்கிறது. கன்சல்டன்ட் என்று அட்டை அடித்து வைத்திருப்பவர்களில் பலர் உண்மையில் தரகர்கள். வீட்டுக்காரரை ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்குக் கூட்டிப் போவார்கள். கல்லுக்கு இவ்வளவு என்று பட்டறையிடம் பின்னால் வாங்கிக்கொள்வார்கள். தரகு தொழிலே அன்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது வேறு தொழில். விற்பவரிடம் பணம் வாங்கிக்கொண்டு வாங்குபவருக்கு யோசனை சொல்கிறவர், "இந்தத் தரைக்குப் புதுக் கல்லே தேவையில்லை, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழைய கல்லே மினுங்கும்" என்று சொல்ல முடியுமா? ஆலோசகர் விற்கிற சரக்குகளில் விலை மதிப்புள்ளது "வேண்டாம்" என்ற சொல்தான், அதைச் சொல்வதற்கு அவருடைய கை கட்டுண்டிருக்கக் கூடாது.

அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தம் பிள்ளைகளை நேரே முதலாளியின் நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. பையன் முதலில் பெட்டியடியில், அதாவது காசுப்பெட்டியின் பக்கத்தில், உட்கார்ந்தான். கடையைக் கூட்டினான், சிட்டை என்ற அன்றாடக் கணக்கை எழுதினான், யார் கடன் கேட்க வந்தார்கள், அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேலாளுக்கு உதவியான அடுத்தாளாகி, கணக்கு என்று சொல்லும் மூன்று ஆண்டுத் தவணைகள் சிலவற்றை முடித்து, அதற்குப் பின்னரே ஒரு கடையைத் தனியே நடத்தும் மேலாளானான். பிள்ளையார்பட்டியில் 1927-ஆம் ஆண்டு பிறந்த சிற்பி கணபதி ஸ்தபதியையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட, பீடத்தோடு 133 அடி உயரமுள்ள கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையின் ஒவ்வொரு கல்லையும் அவர் தம் கையால் செதுக்கியிருக்க முடியாது. ஆனால் எந்தக் கல் எந்த இடத்தில் நிற்கும், எங்கே கனம் இறங்கும் என்று அவர் சொன்னபோது நூற்றுக்கணக்கான சிற்பிகள் கேட்டுக்கொண்டதற்குக் காரணம், அவர் பரம்பரையாக உளியைத் தெரிந்தவர் என்பது. ஸ்தபதி என்ற சொல்லுக்கு இன்றைய மொழியில் ஆலோசகர் என்று பொருள் சொன்னால் பெரிய பிழையாகாது என்றே நினைக்கிறேன்.

என் அனுபவத்தில், காபியிலிருந்து கூலிக்கு நான் நகர்ந்த வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. வளவு என்று நாங்கள் சொல்லும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், சுவரின் மேல் விளிம்பில் வரைந்திருந்த பூவேலை உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் கோலாலம்பூரிலுமாக இருந்தார்கள். சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, படத்தை மறுபடி எழுதித் தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் பல லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்திருந்தார். இரண்டு நாள் அந்த வளவில் உட்கார்ந்து பார்த்ததில், கறை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை, வடகிழக்கு மூலையில்தான் அடர்த்தி என்பது தெரிந்தது. நம் வீடுகளில் வளவின் நான்கு மூலையிலும் இரண்டு ஓட்டுச் சரிவுகள் சந்திக்கின்றன. இரு பக்கத்து மழைநீரும் அங்கேயுள்ள தகர வாய்க்காலில் சேர்ந்து முற்றத்தில் விழுகிறது. ஓடு மாற்றுகிற ஒருவரை மேலே ஏற்றி, அந்த மூலையில் மட்டும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். சிறிது நேரத்தில் கீழே உத்தரத்தின் நுனி நனைந்தது. வாய்க்கால் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அந்த நீர் உத்தரத்தின் வழியே சுவருக்குள் இறங்கி, சுண்ணச்சாந்தில் இருந்த உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தகரத்தையும் நான்கைந்து மரச்சட்டங்களையும் மாற்ற மூன்று நாள் வேலை. பூவேலையில் உதிர்ந்த பகுதியை ஒரு மழைக்காலம் கடந்து சுவர் காய்ந்த பிறகு தொடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இங்கே கூலிக் கணக்கைக் கவனியுங்கள். மொத்தச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்று நான் பேசியிருந்தால், பல லட்சம் சில ஆயிரமாகக் குறைந்த அன்றைக்கு என் வருமானமும் அதோடு சுருங்கியிருக்கும். அடுத்த வீட்டில் அந்த மூலைத் தகரம் என் கண்ணில் படாமலே போக, அதுவே ஒரு காரணமாகியிருக்கும். ஆகவே, செலவில் விழுக்காடு வாங்குவதை நான் ஏற்பதில்லை. முதல் வருகைக்கு ஒரு தொகை, எழுத்துமூல அறிக்கைக்கு ஒரு தொகை, வேலை நடக்கும்போது வந்து பார்க்கும் நாள்களுக்குத் தனி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதன்முதலில் தொகையைச் சொன்னபோது எனக்கு நாக்கு உலர்ந்தது உண்மை. கேட்டவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டதும், இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியதும் உண்மை.

கையில் ஒரு தாள் இல்லாமல் வேலையைத் தொடக்கூடாது. நகரத்தார் இதற்கும் முன்மாதிரி. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஏஜெண்டுக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், என்ன பொறுப்பு என்று சம்பளச் சீட்டு எழுதிய பிறகே கப்பல் ஏற்றினார்கள். நம் சீட்டில் இன்னும் ஒன்று இருக்க வேண்டும்: யார் சொல்லை நான் கேட்க வேண்டும் என்பது. பத்துப் பங்காளிகள் உள்ள வீட்டில், காலையில் ஒருவர் பச்சை வர்ணம் என்பார், மாலையில் தொலைபேசியில் இன்னொருவர் பழைய நிறமே இருக்கட்டும் என்பார். எல்லோர் சார்பிலும் பேச ஒருவரை அவர்களே எழுதிக் கொடுக்கும் வரை நான் கூரையைக்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. வரிக் கணக்கைப் பற்றி ஓரிரு சொல் போதும். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகின்றன. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அப்போது கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு வரி சேரும். ஒரு நல்ல ஆடிட்டரை முன்னதாகவே பார்த்துவிடுங்கள். நாமும் ஒருவரிடம் யோசனை கேட்டுக் கூலி கொடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சட்டம் போட்டிருக்கும் வேலி எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டில் நம் தொழிலைத் தொடுகிற இரண்டு சட்டங்கள் வந்தன. கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். நான் எத்தனை வீடு பார்த்தாலும் என் அட்டையில் அந்தச் சொல் வராது, தாங்கு சுவரைப் பற்றிய கேள்வி வந்தால் பொறியாளரை அழைத்துவிடுவேன். மற்றது தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம். நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம் மட்டுமல்ல, ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அதன்படி தொல்பொருளே. அவற்றை வாங்கி விற்க உரிமம் வேண்டும்; தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பர்மாவில் 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததோடு பல குடும்பங்களின் செல்வம் அங்கேயே நின்றுபோனதால், வீட்டைப் பிரித்து விற்பது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். 1920-க்கு முன் எழும்பிய வீட்டின் நிலைக்கதவு இன்று நூறு வயதைத் தாண்டிவிட்டது. மலேசியாவிலிருக்கும் உறவினருக்கு அதை அனுப்ப வழி கேட்டு வருகிறவரிடம், இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதும் என் தொழிலில் சேர்ந்ததுதான்.

ஓவியர் ரவி வர்மாவின் படங்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அவருடைய அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது முதல், கல்லச்சுப் படங்கள் நம் முகப்புச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தன. வீட்டில் இருப்பது கையால் தீட்டிய மூலப்படம் என்று தலைமுறையாக நம்பியிருப்பார்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முகத்தின் நிழலெல்லாம் சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பிரிந்து அச்சு என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் மாறும். அதற்காக இன்னும் ஆராய வேண்டும் என்று மழுப்பக் கூடாது.

வீடுகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றத் தொழில்களிலும் நிலைமை இதுதான். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, நெசவாளருக்கு வடிவமைப்பு யோசனை சொல்ல நகரத்திலிருந்து பலர் வருகிறார்கள். ஊடையில், அதாவது குறுக்கு நூலில், நிறத்தை மாற்றுவது ஒரு சேலையோடு போகிற செலவு. பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலில், மாற்றினால் அந்தப் பாவில் நெய்கிற சேலைகள் அத்தனைக்கும் அது தலையெழுத்து. இந்த வேறுபாடு தெரியாமல், பாவில் இருக்கும் கரையின் நிறத்தை மாற்றச் சொல்கிறவர், நெசவாளரின் முதலீட்டை வைத்து விளையாடுகிறார். உணவகங்களுக்குச் செட்டிநாட்டுச் சமையல் யோசனை சொல்லும் நம் சமையற்காரர்கள் இப்போது நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் அளவுகளைக் கைப்பக்குவம் என்று மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் கிராமில் எழுதிக் கொடுப்பவர்களைத்தான் இரண்டாம் முறையும் கூப்பிடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு, ஒரு கோடு போட்ட நோட்டை நான் சொல்வேன். ஐந்தொகை என்ற இருபக்கக் கணக்கு எழுதுவது போல, சொன்ன யோசனை ஒரு பக்கம், இரண்டு ஆண்டு கழித்து அது என்ன ஆயிற்று என்பது எதிர்ப்பக்கம். என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு முகப்புச் சுவர் இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய சுண்ணப்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தபோது, சிமென்ட் வைத்து அடைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். சிமென்ட் ஈரத்தை வெளியே விடவில்லை. இரண்டாவது ஐப்பசி மழையில், நன்றாக இருந்த சுற்றுப்புறப் பூச்சும் சேர்ந்து பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தது. எதிர்ப்பக்கத்தில் தேதியையும் பெயர்ந்த இடத்தின் சதுர அடியையும் எழுதி வைத்திருக்கிறேன். புதிய வீட்டுக்காரர் யாராவது என்னைத் தேடி வந்தால், நன்றாக முடிந்த வேலைகளின் படங்களைக் காட்டுவதற்கு முன், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து வைக்கிறேன். சிலர் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்றவர்களோடு சம்பளச் சீட்டு எழுத உட்காருகிறேன்.

நன்றி. வணக்கம்.