ஜாடியில் விழுந்தது யார் காசு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "குழந்தைகளின் படக்கதையில் ஓங்கி நிற்பது குடும்பப் பாசமா, அக்கம்பக்கத்து உறவா?" என்ற தலைப்பில் அக்கம்பக்கத்துக்காக வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், வேரா வில்லியம்ஸ் எழுதி வரைந்து 1982-இல் வெளிவந்த 'எ சேர் ஃபார் மை மதர்' புத்தகத்தைக் கையில் பிடித்துப் பேசினார். தீ விபத்தில் வீட்டுச் சாமான்களையெல்லாம் பறிகொடுத்த ஓர் அமெரிக்கக் குடும்பம். உணவகத்தில் வேலை செய்து களைத்து வரும் அம்மா சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி இல்லை. அதை வாங்க அம்மா, பாட்டி, சிறுமி மூவரும் பெரிய கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். "அந்த ஜாடிதான் குடும்பப் பாசம்" என்றார். கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் ஐயா, ஜாடியில் விழுந்தது யார் காசு? அம்மா பர்ஸிலிருந்து கொட்டுவது டிப்ஸ். சாப்பிட வந்த யார் யாரோ மனமுவந்து வைத்துவிட்டுப் போன சில்லறை! சிறுமி போடுவது, அதே உணவகத்தில் உப்பு, மிளகுக் குப்பிகளைக் கழுவியதற்கு அம்மாவின் முதலாளி தந்த கூலியில் பாதி. சேர்த்தது குடும்பம்தான், கொடுத்தது ஊர்.

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. எதிரணி அதை வேகமாகப் புரட்டிவிட்டது. நான் அங்கே நின்றுவிட்டேன். புது வீட்டுக்குக் குடிவரும் நாள். எதிர்வீட்டுக் குடும்பம் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் கொண்டுவருகிறது. முதலாளி அம்மாள் பாத்திரம் பண்டங்களோடு வருகிறார். கம்பளம் தந்தது தாத்தா, திரைச்சீலை தைத்தது அம்மாவின் சகோதரி. உறவினர் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு முதியவரைப் பாருங்கள். தம் பிள்ளைகள் சிறுவயதில் படுத்த கட்டிலைக் கொடுக்கிறார்!

"வேண்டாத பழைய சாமானைக் கொடுப்பது பெரிதா?" என்று கேட்டார் எதிரணித் தோழி. அம்மா, வேண்டாத சாமானையா ஒருவர் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் வைத்திருப்பார்? அந்தக் கட்டிலில் அவருடைய பிள்ளைகளின் உறக்கம் இருக்கிறது. அதைத்தான் தூக்கிக் கொடுத்தார்.

ரோஜாப்பூப் போட்ட அந்த நாற்காலி கதையின் முடிவில்தான் வருகிறது. அதுவரை அந்தக் குடும்பம் யார் கொடுத்த மேசையில் சாப்பிட்டது? அதை எண்ணித் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே!