நுங்கும் ஞானப்பல்லும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவன் இல்லை. மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித்தருகிறவன். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாத வெயிலில், கீழ்த்தாடையின் இரண்டு ஞானப்பற்களையும் மயக்க ஊசி போட்டு எடுத்துக்கொண்டேன். பல் எடுத்தது பெரிய கதை இல்லை. எடுத்த பிறகு நானே தேடிக்கொண்ட வினைதான் கதை.

ஞானப்பல் பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் முளைப்பது. தாடையில் இடம் இருந்தால் நேராக வரும். இல்லாவிட்டால் சாய்ந்தோ படுத்தோ பாதியில் நின்றுவிடும். எனக்கு நாற்பது வயது வரை அப்படித்தான் நின்றது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மடல் மாதிரி மூடியிருக்கும். அதன் அடியில் சோற்றுப் பருக்கையும் மீன் துணுக்கும் போய் உட்காரும். வருஷத்துக்கு இரண்டு தடவை கன்னம் வீங்கும், வாய் திறக்க முடியாது. கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு வகுப்புக்குப் போவேன். எங்கள் பக்கத்தில் சிலர் அந்த இடத்தில் புகையிலையை ஒதுக்கி வைக்கிறார்கள். தயவு செய்து அது மட்டும் வேண்டாம். வலி மட்டுப்பட்ட மாதிரி தோன்றலாம், ஆனால் வாய்ப்புற்றுக்கு வழி அதுதான்.

ராமநாதபுரத்தில் இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுக்கிற எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பல்லும் படுத்திருந்தன. வேருக்குக் கீழே தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது சீண்டப்பட்டால் கீழுதடு சில காலம் மரத்துப்போகலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் ஆகலாம் என்று டாக்டர் படத்தைக் காட்டியே சொன்னார். கையெழுத்தும் அப்போதே வாங்கிக்கொண்டார்கள். மயக்க ஊசி போட்ட பிறகு வாங்குகிற கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை அல்லவா.

சின்ன வயதில் ஒரு பல்லைப் பிடுங்கிய நினைவு எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் மயக்க ஊசி கேட்டேன். இதற்குச் செடேஷன் என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரில் முழுசாகத் தூங்கவைக்கிறார்களே, அது வேறு. இதில் மூச்சை நாமே விடுகிறோம், கூப்பிட்டால் பதில் சொல்கிறோம். பயம் மட்டும் போய்விடும். புறங்கையில் ஊசி வழியாக மிடாசோலம் என்கிற மருந்து ஏற்றுவார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருப்பார் மயக்க மருந்து டாக்டர். பல்லைச் சுற்றி மரத்துப்போகிற ஊசி தனியாக உண்டு. வலியைத் தடுப்பது அதுதான்.

மயக்க மருந்து வரலாற்றிலும் இந்தப் பல்லுக்கு ஓர் இடம் இருக்கிறது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்கிற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவைச் சுவாசித்துக்கொண்டு பல் பிடுங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தார். பிடுங்கச் சொன்னது தன் ஞானப்பல்லையே.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. கட்டாயம் ஒரு ஆள் துணைக்கு வர வேண்டும் என்றார்கள். என் மனைவியின் அண்ணன் வந்தார். விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, படகு கரையில் கிடக்கிறது, ஆளும் சும்மா இருந்தார். உச்சிப்புளியில் வண்டியை நிறுத்தி, என் கண் முன்னாலேயே இரண்டு டீ குடித்தார்.

நாற்காலியில் சாய்ந்தது தெரியும். மயக்க மருந்து டாக்டர் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டது தெரியும். அடுத்தது வீட்டுத் திண்ணை. இடையில் இருந்த மூன்று மணி நேரம் எனக்கு இல்லை. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் அராவி, பல்லைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறந்தேனாம். அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டி, நடந்தே வெளியே வந்தேனாம்.

வினை அங்கேதான். முடிந்ததும் செவிலியர் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் வகுப்பில் பையன் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொல்லியிருக்கிறேன். வலை நூல் வாங்கப் போயிருந்த மச்சான் திரும்பி வந்ததும் அவரிடமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நான் குறுக்கே விழுந்து, "எனக்குச் சொல்லியாச்சு சிஸ்டர், நான் பார்த்துக்கிறேன்" என்றேனாம். பஞ்சு கடித்த வாயோடு, வாத்தியார் தோரணையில். கொடுத்த சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது. மிடாசோலத்தின் குணம் இதுதான்: ஆள் தெளிவாகப் பேசுவான், ஆனால் பேசியது எதுவும் மனதில் பதியாது.

மறுநாள் மச்சான் சாயல்குடி பக்கமிருந்து ஒரு குலை நுங்கு கொண்டுவந்தார். "மெதுவா இருக்கும், குளிர்ச்சி, சாப்பிடுங்க மாப்ள" என்றார். பல் பிடுங்கிய வாய்க்கு நுங்கை விட என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கடற்கரையில் பிறந்தவன் கரண்டி எடுப்பானா? சீவிய நுங்கின் கண்ணில் பெருவிரலை விட்டு நெம்பி, வாயை வைத்து ஒரே உறிஞ்சு. மூன்று கண், அப்புறம் இன்னொரு காய், இன்னொன்று.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல நிற்கும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் போர்வை. உறிஞ்சினால், வேகமாகத் துப்பினால், புகை பிடித்தால் அது பெயர்ந்துவிடும். முதல் நாளே உப்புத் தண்ணீரை வைத்துப் பலமாகக் கொப்பளித்தாலும் அப்படித்தான். ஒரு நாள் கழித்து மெதுவாகக் கொப்பளிக்கலாம். இது அத்தனையும் அந்தச் சீட்டில் இருந்திருக்கிறது.

நான்காம் நாள் ராத்திரி வலி ஆரம்பித்தது. பல்வலி மாதிரி இல்லை. தாடையிலிருந்து காது வரை ஏறியது. வாயில் ஒரு நாற்றம். மாத்திரை ஒன்றும் கேட்கவில்லை. டிரை சாக்கெட் என்கிறார்கள், குழி வறண்டு எலும்பு வெளியே தெரிகிற நிலை. மேல்தாடையை விடக் கீழ்த்தாடையில்தான் அதிகம் வருமாம். மறுநாள் போனதும் டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயிலிருந்து எடுக்கிற யூஜினால் கலந்த மருந்தை வைத்தார். அரை மணி நேரத்தில் உயிர் திரும்பியது. வாயெல்லாம் பிரியாணி வாசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்தை மாற்றி, பத்து நாளில் சரியாயிற்று.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். செவிலியர் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்தார்.

மருந்து ஏறிய பிறகு ஒரு முழு நாள் பைக் ஓட்டக் கூடாது, படகில் ஏறக் கூடாது. தையல் ஆறி டாக்டர் சரி என்று சொல்லும் வரை பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்கவும் வேண்டாம். இதெல்லாம் இரண்டாவது தடவை போனபோது, மயக்கம் இல்லாத நேரத்தில் கேட்டு எழுதிக்கொண்டது.

இப்போது மச்சானுக்கு இடது பக்கம் வீங்கியிருக்கிறது. அவருக்கும் அதே பல். வருகிற தடைக்காலத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். துணைக்குப் போகிறது நான்தான். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்தாயிற்று. வலைக்கடைப் பக்கம் போகப் போவதில்லை. நுங்கு வந்தால் வீட்டில் ஒரு கரண்டி இருக்கிறது.

வணக்கம்.