முதலில் ஏரியை வரையுங்கள்

வணக்கம். சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்த நண்பர் ஒருவர், "கொக்குக்கு எந்த வெள்ளை போட்டீங்க?" என்று கேட்டார். வெள்ளையே போடவில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். கொக்கின் உடம்பை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் உள்ள கோரையின் பச்சையையும் நீரின் சாம்பலையும் தீட்டினால் கொக்கு தானாக எழுந்து நிற்கும். ஆகவே ஏரியை வரையத் தெரியாதவருக்குக் கொக்கு வராது. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

பறவையை மட்டும் தனியே வரைவது பழைய வழக்கம். இதே புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னராவை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பவர். 1776இல் வந்த அவருடைய நியூகினி பயணநூலில் பென்குவின் படம் இருக்கிறது! நியூகினியில் ஏது பென்குவின்? அதை நம்பி வைத்த 'பாப்புவா' (நியூகினியைக் குறிக்கும் சொல்) என்ற பெயரோடு ஒரு பென்குவின் இனம் இன்னமும் அண்டார்டிகாவில் திரிகிறது. வெற்றுக் காகிதத்தில் நிற்கும் பறவையை எந்த ஊரிலும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

நமக்கு ஊசுட்டேரி இருக்கிறது. புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் மறுபாதி தமிழ்நாட்டில். குளிர்காலத்தில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். கொக்குக்கு நேர்மாறான பறவை: உடம்பெல்லாம் கருப்பு, அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளை. அந்தத் துளி வெள்ளையைத் தொடக்கத்திலேயே காப்பாற்றாவிட்டால் மிஞ்சுவது ஒரு கரும்புள்ளி. வண்ணம் ஏறாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் திரவம் தடவலாம். அதன் வெட்டிவைத்த விளிம்பு எனக்குப் பிடிக்காது.

கருப்புக்கும் டியூப் வாங்காதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் போதும். அல்ட்ராமரைன் துகள்கள் காகிதத்தின் குழிகளில் தங்கிவிடும். கலங்கல் நீருக்கு வேண்டிய சொரசொரப்பு உழைக்காமலே கிடைக்கும். மார்கழிக் காலையில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்திக் காகிதம் லேசில் காயாது. தூரத்துப் பனிமூட்டத்துக்கு அந்த ஈரம் வரம். நத்தைகுத்தி நாரையின் அலகுக்கோ அது எமன். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஒரு சந்து, அதன் வழியே பின்னால் உள்ள நீர் தெரிய வேண்டும். ஈரத்தில் தொட்டால் அடைத்துக்கொள்ளும். காத்திருங்கள். ஏரிக்கரையில் ஹேர் டிரையருக்கு எங்கே போவது?

கால்கள்? நாரையின் முழங்கால் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரியும். அது முழங்கால் இல்லை, கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கும். இது தெரிந்தால் நிற்கிற நிலை சரியாக வரும்.

அப்புறம், பிரஷ் கழுவிய நீரை ஏரியில் கொட்டாதீர்கள். காட்மியம், கோபால்ட் நிறங்களெல்லாம் உலோகச் சேர்மங்கள். பாட்டிலில் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.