மோட்டார்ஹோம் பயணம்: மேப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி வண்டியை அளங்க

[காட்சி: ஓட்டுநர் பக்கத்து சன்வைசர். அதில் ஒட்டிய ஒரு சின்ன ஸ்டிக்கர் நெருக்கத்தில்.]

இந்த ஸ்டிக்கரைப் பாருங்க. வண்டியோட உயரத்தை எழுதி, ஓட்டுறவர் கண்ணுக்கு நேரா ஒட்டியிருக்கு. "3.10 மீட்டர், 10 அடி 3 அங்குலம்." கணக்குப் போட்டா 10 அடி 2 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மிச்சத்தை வேணும்னே கூட்டி எழுதியிருக்கேன். கூட எழுதினா நஷ்டமில்ல. குறைச்சு எழுதினா கூரை போயிடும்.

மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளயே இருக்கிற வீட்டு வண்டி எடுக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான்: மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு இந்த மலை, அந்த ஏரின்னு புள்ளி வைக்கிறது. நான் தலைகீழா ஆரம்பிக்கச் சொல்றேன். முதல்ல வண்டியோட உயரம், நீளம், எடை, டேங்க், பேட்டரி. எந்த ரோட்டுல போகலாம், எத்தனை ராத்திரி தங்கலாம்ங்கிறதை அந்த நம்பருங்களே சொல்லிடும்.

அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல டர்ஹாம்னு ஒரு ஊர். அங்க ஒரு ரயில் பாலத்தோட உயரம் 11 அடி 8 அங்குலமா இருந்துச்சு. வருஷக்கணக்கா லாரிங்க வந்து மாட்டி, கூரை டப்பா மூடி மாதிரி சுருண்டுக்கும். எச்சரிக்கை போர்டு வச்சாங்க, விளக்கு வச்சாங்க. 2019ல பாலத்தையே 8 அங்குலம் தூக்கினாங்க. அப்புறமும் இடி நிக்கல. மாட்டினதுல நிறைய வாடகை வண்டிங்க. அதுல ஆச்சரியம் இல்ல. தினமும் கார் ஓட்டுறவருக்கு ரெண்டு நாள்ல ஸ்டியரிங் பழகிடும். தலைக்கு மேல ஒரு மாடி இருக்குங்கிறது மட்டும் மனசுல ஏறவே ஏறாது.

கேட்லாக்ல போட்டிருக்கிற உயரத்தை நம்பாதீங்க. கூரை மேல ஏசி, சோலார் பேனல், ஆன்டெனா, காற்றுப்போக்கி எல்லாம் அப்புறம் ஏறியிருக்கும். இருக்கிறதுலயே உசரமான பொருள் மேல ஒரு நேரான கட்டையைக் கிடையா வச்சு, அதோட நுனியில இருந்து தரை வரைக்கும் டேப் பிடிச்சு அளங்க. பத்து நிமிஷ வேலை.

அளந்ததை நேவிகேஷன்லயும் ஏத்தணும். கார் நேவிகேஷனுக்கு உங்க உயரமும் தெரியாது, எடையும் தெரியாது. உயரம், அகலம், நீளம், எடை நாலையும் கேட்டு வாங்கிக்கிற ஆப், இல்ல லாரிக்கான கருவி வேணும். அப்படியும் போற இடத்தோட விதியைத் தனியா பாத்துக்கோங்க. ஒரு உதாரணம்: அமெரிக்காவோட கிளேசியர் தேசியப் பூங்காவுல "கோயிங் டு த சன்" ரோடு. அதோட மலைப் பகுதியில 21 அடி நீளத்தைத் தாண்டின வண்டிக்கு அனுமதி இல்ல. 8 அடி அகலத்தைத் தாண்டினாலும் இல்ல, கண்ணாடியைச் சேர்த்துத்தான் அந்த 8 அடி. பெரும்பாலான மோட்டார்ஹோம் இதுலயே அடிபட்டுப் போயிடும். அங்க போய் நின்னு தெரிஞ்சுக்கிறதைவிட இங்கேயே தெரிஞ்சுக்கிறது நல்லது.

[காட்சி: மேலிருந்து ஒரு வரைபடம். வண்டி வலது பக்கம் திரும்ப, அதன் பின்பக்க இடது மூலை வெளியே வீசுகிறது.]

இப்ப நான் பட்ட அடி. முதல் தடவை வாடகைக்கு எடுத்தப்ப, ஒரு பெட்ரோல் பங்க்ல டீசல் போட்டுட்டு, ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிச்சு வெளிய வந்தேன். முன்னாடி நல்லா இடம் இருந்துச்சு. பின்னாடி "கர்ர்ர்"னு ஒரு சத்தம். இடது பக்கத் தூணுல பின் பம்பர் தேய்ஞ்சிடுச்சு. காரணம் இந்தப் படத்துல இருக்கு. பின் சக்கரத்துக்கு அப்புறமும் ரெண்டு மீட்டருக்கு மேல உடம்பு நீட்டிக்கிட்டு இருக்கு. வண்டி வலது பக்கம் திரும்பும்போது அந்த வால் இடது பக்கம் வீசும். தூண், சுவர், பக்கத்துல நிக்கிற கார் எது இருந்தாலும், முதல்ல நேரா கொஞ்ச தூரம் முன்னாடி போங்க, அப்புறம் ஒடிங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருத்தர் கீழ இறங்கி, உங்க கண்ணாடியில அவங்க முகம் தெரியிற இடத்துல நிக்கணும். அவங்க மறைஞ்சா உடனே பிரேக்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? அமெரிக்க மோட்டார்ஹோம்காரங்க 3-3-3ன்னு சொல்வாங்க: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல வேண்டாம், மதியம் 3 மணிக்குள்ள போய்ச் சேரு, ஒரே இடத்துல 3 ராத்திரி இரு. என்னைக் கேட்டா 300 மைலே அதிகம். ஆனா அந்த மூணு மணி விஷயம் தங்கம். வெளிச்சத்துல போனாத்தான் கிளை தாழ்வா இருக்கா, தரை சாய்வா இருக்கான்னு தெரியும். கேம்ப்கிரவுண்ட், அதாவது வண்டியை நிறுத்தித் தங்குற இடத்தோட ஆபீஸ்லயும் ஆள் இருப்பாங்க.

மலை இறக்கம் பத்தி ஒரே ஒரு விஷயம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர்தான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா அது சூடேறி, நடு மலையில பிடிக்காம போகும்.

[காட்சி: திரையில் ஒரு கூட்டல் கணக்கு மெல்ல மெல்ல ஏறுகிறது.]

அடுத்து எடை. இந்த வீடியோவுல வேற எதையும் கேக்கலைன்னாலும் இதைக் கேளுங்க. ஐரோப்பாவுல சாதாரண கார் லைசென்ஸ்ல பொதுவா 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். அதனால நிறைய மோட்டார்ஹோமை அந்தக் கோட்டுக்குள்ள அடங்குற மாதிரியே கட்டுறாங்க. நம்ம உதாரண வண்டி, ஓட்டுறவரும் டீசலும் சேர்த்து 3,050 கிலோ. மிச்சம் 450. நிறைய இருக்கிற மாதிரி தோணுதா? கூட வர்ற மூணு பேர் 200 கிலோ. பக்கவாட்டுல பந்தல் மாதிரி விரியிற துணிக்கூரை 30. சைக்கிள் ரேக்கும் ரெண்டு எலக்ட்ரிக் சைக்கிளும் 65. கூடுதல் பேட்டரி 25. தண்ணி 100 லிட்டர்னா 100 கிலோ. மொத்தம் 420 ஆச்சு. துணி, படுக்கை, பாத்திரம், நாற்காலி எல்லாத்துக்கும் சேர்த்து இருக்கிறது 30 கிலோ!

இதோட முடியல. அந்த சைக்கிள் ரேக் பின் ஆக்சிலுக்கும் (பின் சக்கரங்களைத் தாங்குற அச்சு) இரண்டரை மீட்டர் பின்னாடி தொங்குதுன்னு வைங்க. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல 4 மீட்டர். சீசா பலகை மாதிரி வேலை செய்யும். 65 கிலோ ரேக், பின் ஆக்சில் மேல 105 கிலோ சொச்சமா இறங்கும். முன்பக்கம் 40 கிலோ லேசாகும். முன் சக்கரத்துல ஓடுற வண்டின்னா, ஈரப் புல்லுல அது சும்மா சுத்திக்கிட்டு நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால எல்லாத்தையும் ஏத்தின பிறகு எடை மேடைக்குப் போய், முழு வண்டியை ஒரு தடவை, ஒவ்வொரு ஆக்சிலையும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. கனமானதை ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல, தரையோட தரையா வைங்க. மேல் அலமாரிக்கு மெத்துமெத்துன்னு இருக்கிற சாமான் மட்டும் போதும்.

டயர்ல தடம் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. மோட்டார்ஹோம் டயர் தேயிறதைவிட நின்ன இடத்துலயே கிழடாகுறதுதான் அதிகம். பக்கச் சுவர்ல நாலு எண் இருக்கும். 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சது. அஞ்சாறு வருஷம் தாண்டினா சந்தேகத்தோட பாருங்க.

[காட்சி: கேம்ப்கிரவுண்டில் மின்கம்பம். நீல நிற பிளக்கைக் கை செருகுகிறது.]

கேம்ப்கிரவுண்ட் வந்தாச்சு. கரண்ட் கனெக்‌ஷன் இருக்குன்னு சொன்னா, "எத்தனை ஆம்ப்?"னு கேளுங்க. ஐரோப்பாவுல 16 ஆம்ப் கொடுக்கிற இடமும் உண்டு, 6 ஆம்ப்தான் கொடுக்கிற இடமும் உண்டு. 230 வோல்ட்டை ஆறால பெருக்குங்க: 1,380 வாட். வீட்டுல இருந்து கொண்டுவந்த 2,000 வாட் கெட்டிலைப் போட்டா அவ்வளவுதான், டிரிப். ராத்திரி மழையில ஆபீஸ் பூட்டியிருக்கும்போது டிரிப் ஆகுறதுலதான் அதுக்குத் திருப்தி. வாட் கம்மியான கெட்டில் வாங்குங்க. அமெரிக்காவுல 120 வோல்ட்ல 30 ஆம்ப்னா 3,600 வாட். ஒரு கூரை ஏசி ஓடும். ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா ஓடுறது சந்தேகம்.

இன்னொரு விஷயம். கேபிள் ரீல் 25 மீட்டர், கம்பம் 5 மீட்டர் தூரத்துல இருக்கு. மிச்ச 20 மீட்டரை ரீல்லயே விட்டுடலாம்னு தோணும். விடாதீங்க. கரண்ட் போகும்போது ஒயர் சூடாகும், சுருண்டு கிடந்தா அந்தச் சூடு வெளிய போகாது, உறையே உருகும். ரீல்ல ரெண்டு வாட் அளவு அச்சடிச்சிருக்கும்: விரிச்சா இவ்வளவு, சுருட்டி வச்சா இவ்வளவு. ரெண்டாவது நம்பரைப் படிச்சா நீங்களே முழுசா இழுத்து வண்டிக்கு அடியில போட்டுடுவீங்க.

கரண்ட் இல்லாத இடத்துல பேட்டரிதான் கதி. 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரின்னா 1,200 வாட்-அவர். லெட் ஆசிட் வகையில பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போயிடும், அதனால கையில இருக்கிறது 600. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 45 வாட்ல நாள் முழுக்க விட்டுவிட்டு மொத்தம் பத்து மணி நேரம் ஓடினா 450 காலி. விளக்கு, பம்ப், ஃபோன் சார்ஜ்னு சேர்த்தா ஒரு நாளோட தீர்ந்துது. லித்தியம் பேட்டரி அதே அளவுல 1,000க்கு மேல கொடுக்கும், எடையும் பாதிக்குக் கீழ. ஆனா பூஜ்யம் டிகிரிக்குக் கீழ அதுக்கு சார்ஜ் ஏத்தக்கூடாது. குளிர்ல போறவங்க உள்ளயே ஹீட்டர் இருக்கிற மாடலாப் பாத்து வாங்கணும்.

வெளிய எத்தனை ராத்திரி தாங்கும்னு கேட்டா, எல்லாரும் தண்ணியையும் கரண்ட்டையும்தான் கணக்குப் போடுவாங்க. அதுக்கு முன்னாடி நிறையறது கழிவறை கேசட், அதாவது வெளிய இழுத்து எடுத்துக் கொட்டுற கழிவுப் பெட்டி. 18 லிட்டர் மாதிரி இருக்கும், ரெண்டு பேருக்கு ரெண்டு மூணு நாள். அதனால ரூட்டுல நான் முதல்ல குறிக்கிறது அதைக் கொட்டுற இடம். அங்க குழாய் ரெண்டு இருக்கும். கேசட் கழுவுற குழாயில குடிதண்ணி பிடிக்கவே கூடாது, நம்ம ஹோஸும் வேற வேறயா இருக்கணும். அமெரிக்க வண்டியில கழிவறைக்குப் பெரிய நிரந்தர டேங்க் இருக்கும். ஹோஸ் மாட்டிட்டோமேன்னு அதோட வால்வைத் திறந்தே போட்டுடாதீங்க. தண்ணி வழிஞ்சு போய், மத்தது உள்ளயே குவிஞ்சு இறுகிடும். மூடி வச்சு, நிறைஞ்ச பிறகு திறங்க. முதல்ல கழிவறை டேங்க், அப்புறம் சிங்க், குளியல் தண்ணி டேங்க். ரெண்டாவது தண்ணி ஹோஸைக் கழுவி விட்டுடும்.

கேஸ்ல குளிர்காலக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்துலயே ஆவியாகுறதை நிறுத்திடும். சிலிண்டர் நிறைய இருக்கும், அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். கசிவு அலாரத்தைத் தரையோரமா மாட்டுங்க, ஏன்னா இந்த கேஸ் காத்தைவிட கனம், கீழதான் தேங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேற சாமான், அது தூங்குறவங்க தலை மட்டத்துக்கு. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு நினைக்காதீங்க. தரையில இருக்கிற காற்றுத் துளையைக் குளிருக்காக அடைக்கிறவங்களையும் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க.

காசு கொடுக்காம எங்க வேணா நிறுத்தலாமான்னு கேப்பீங்க. நாட்டுக்கு நாடு வேற. நார்டிக் நாடுகள்ல யாரும் எங்கயும் நடக்கலாம், தங்கலாம்னு ஒரு உரிமை உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது நடந்து போறவங்களுக்கும் கூடாரத்துக்கும்தான். வண்டியை ரோட்டை விட்டு இறக்குறதுக்கு இல்ல. நியூசிலாந்துல 2023ல சட்டத்தை இறுக்கிட்டாங்க: தண்ணி, கழிவு எல்லாம் உள்ளயே அடங்குற வண்டின்னு சான்று வாங்கணும்னா கழிவறை வண்டியோட நிரந்தரமா பொருத்தியிருக்கணும். எடுத்து வைக்கிற டப்பா செல்லாது. அமெரிக்காவுல நில மேலாண்மைத் துறையோட பொது நிலங்கள்ல பொதுவா 28 நாள்ல 14 நாள் வரைக்கும் ஒரே இடத்துல இருக்கலாம், குழாயும் கரண்ட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

சாமான் வாங்குறதுல என் கருத்து ஒண்ணுதான்: முதல் பயணத்துக்கு முன்னாடி பாதியைக்கூட வாங்காதீங்க. லெவலிங் ராம்ப் (சக்கரத்துக்கு அடியில வச்சு வண்டியைச் சமமாக்குற சாய்வுக் கட்டை) ஒரு ஜோடி, கேபிள், பிளக் அடாப்டர், ரெண்டு ஹோஸ், கையுறை, டயர் காத்து அளக்கிற கருவி, தலையில மாட்டுற டார்ச், தீயணைப்பான். இது போதும். லெவலிங் எதுக்குன்னா, கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ்ல மோட்டாரே கிடையாது. உள்ள இருக்கிற திரவம் தன் எடையிலயே வழிஞ்சு சுத்தணும். வண்டி ரொம்பச் சாய்ஞ்சா அது தேங்கி, ஃபிரிட்ஜ் குளிராது. உங்க தலை கீழயும் கால் மேலயும் இருக்கும், அது தனி.

[காட்சி: காலை. கிளம்பத் தயாராக நிற்கும் வண்டியை ஒருவர் சுற்றி நடக்கிறார்.]

கிளம்புற அன்னைக்கு அவசரப்படாம வண்டியை ஒரு சுத்து சுத்துங்க. கூரை ஜன்னல் மூடியிருக்கா, கேஸ் அடைச்சாச்சா, ஃபிரிட்ஜ் கதவு லாக் ஆச்சா, படி உள்ள போச்சா, கேபிளைப் பிடுங்கியாச்சா. இதைப் பேசிக்கிட்டே பண்ணாதீங்க, நடுவுல யாராவது ஏதாவது கேட்டா திரும்ப முதல்ல இருந்து. அப்புறம் பத்து மீட்டர் முன்னாடி ஓட்டி நிறுத்தி, இறங்கி, நின்ன இடத்தைத் திரும்பிப் பாருங்க. லெவலிங் ராம்ப் ரெண்டும் பெரும்பாலும் அங்கதான் கிடக்கும்.